பதினாறு வயதுக்கு மேல்

ஜன்னல் திரையின் இடுக்கில் அம்மா எட்டிப் பார்த்தாள். பன்னிரண்டு வயது மகள் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, ரிமோட்டும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாள். டிவியின் மூலையில் சிவப்பாக ‘16+’.

படத்தையாவது ஒழுங்காகப் பார்க்கிறாளா? கதையும் வேண்டாம், பாட்டும் வேண்டாம். சர்ரென்று ஓட்டுகிறாள், ஓரிடத்தில் நிறுத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறாள், மறுபடி ஓட்டுகிறாள். எந்த மாதிரி காட்சியைத் தேடி இப்படி ஓட்டுவார்கள் என்று தெரியாத பச்சைக் குழந்தையா அவள் அம்மா?

டிவிக்குப் பூட்டு வேறு போட்டிருந்தாள். கணவனின் பைக் நம்பர்தான் அதற்குச் சாவி. அவனும் போய், பைக்கும் போன பிறகு அந்த நம்பர் யாருக்கு ஞாபகமிருக்கப்போகிறது என்று நினைத்தது தப்பாகிவிட்டது.

“அப்பா இல்லாத பொண்ணு, கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பாத்துக்க” என்று அண்ணன் சொல்லாத நாளில்லை. காலையில் ஸ்பீக்கரில் பேசியபோதுகூட அதையேதான் ஆரம்பித்தான். மகள் பக்கத்தில் தலை பின்னிக்கொண்டிருந்ததால் இவள் பேச்சை மாற்றினாள்.

“சரி, நாளைக்கு நம்ம வீட்டுல படம். பெரியவங்க மட்டும்தான், பிள்ளைங்க மாடியில விளையாடட்டும்” என்றான் அண்ணன், ஏதோ ஒரு படத்தின் பேரையும் சொல்லி. “போன மாசம் மாதிரி தலைவலின்னு பாதியில எழுந்து ஓடிடாதே, ஆமா!”

இப்போது அந்த அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பாள்? மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று, ஒற்றை ஆளாக வளர்த்ததற்கு இதுவா பலன்?

கதவைத் தடதடவென்று தட்டினாள். திறந்த மகளுக்குப் பேயறைந்த முகம்.

“என்னடி பண்றே உள்ளே?”

“சும்மாதாம்மா…”

“சும்மாவா? தாழ் போட்டுக்கிட்டா? எந்த சீனைத் தேடுறே? வாயைத் திற!”

மகள் திறக்கவில்லை. பளாரென்று கன்னத்தில் ஒன்று விழுந்தது. அதற்கும் அவள் அழவில்லை. அதுதான் அம்மாவை இன்னும் கொதிக்க வைத்தது.

“நீ சொல்ல வேணாம். நானே பாத்துக்கறேன்!” ரிமோட்டைப் பிடுங்கி அழுத்தினாள்.

“ஐயோ அம்மா! வேணாம், பாக்காதே!”

மகள் பாய்ந்து வந்து, எக்கி நின்று, அம்மாவின் கண்களை இறுகப் பொத்தினாள். சத்தம் மட்டும் கேட்டது. பைக் ஒன்றின் உறுமல், லாரியின் ஹாரன், கிறீச்சென்று பிரேக்.

அம்மாவின் கையிலிருந்து ரிமோட் நழுவியது. அதை மகள் பிடித்து டிவியை அணைத்தாள். கண்ணைப் பொத்திய இன்னொரு கையை மட்டும் எடுக்கவேயில்லை.

“அன்னிக்கு உனக்கு வந்தது தலைவலி இல்லைன்னு எனக்குத் தெரியும்மா. நாளைக்கு மாமா போடப்போற படம் இதுதான். வேற போடச் சொல்லு.” இப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

“இது பெரியவங்க பாக்கக் கூடாத படம்மா.”