மான் மேய்ந்த வேலி

“இது மான் மேய்ஞ்ச இடமா? எந்த மான் வாயில கத்தரி வெச்சிருக்கு?”

அரண்மனைத் தோட்டங்களின் மேற்பார்வையாளர் ஹோல்கர், கடலோரச் செடிவேலியின் இடப்பாதியில் இருந்த ஓட்டையைக் குடைநுனியால் சுட்டினார். இடுப்பளவு உயரத்தில், ஒரு தட்டின் அகலத்தில், வட்டம் பிசகாத ஓட்டை.

தலைமைத் தோட்டக்காரி டோர்தே அசரவில்லை.

“எங்க ஊர் மான் சிந்தாம சாப்பிடும், ஹோல்கர்.”

இதை விசாரிக்கவே கோபன்ஹேகனிலிருந்து காலை ரயிலில் வந்திருந்தார் அவர். இத்தோட்டத்தில் இடப்பக்கம் ஒரு பூப்பாத்தி இருந்தால் வலப்பக்கமும் ஒன்று இருக்கும். முந்நூறு ஆண்டுகளாகக் காக்கப்பட்டுவரும் அந்த ஒழுங்கில் ஓர் இலை பிசகினாலும் ஹோல்கருக்கு மதிய உணவு இறங்காது.

“ஞாயித்துக்கிழமை அரசர் குடும்பம் வந்து இறங்குது. யார் வெட்டினதுன்னு சொல்லுங்க. இல்லேன்னா தோட்டத்துச் சாவியைக் குடுத்துட்டுக் கிளம்புங்க.”

“மான்தான்.”

“போன வசந்தத்திலயும் இங்கயேதான் ஓட்டை. அடைச்சோம். மறுபடியும் அதே இடமா?”

“அதுக்கு இந்த இடம் பழகிப்போச்சு.”

ஹோல்கர் பல்லைக் கடித்தார்.

“கடலைப் பார்க்க யாரோ வெட்டினாங்கன்னாலும் அர்த்தமில்ல. வேலி என் தோள் வரைக்கும்தான். நின்னாலே துறைமுகம் முழுசும் தெரியுதே.”

உண்மைதான். சரிவுக்குக் கீழே துறைமுகத்தில், பயிற்சி மாலுமிகளை ஏற்றிக்கொண்ட பாய்மரக் கப்பல் புறப்படத் தயாராக நின்றது.

“கடிச்சதா, வெட்டினதா? நானே பார்த்துடறேன்.”

கைக்குட்டையைச் சரளைப் பாதையில் விரித்து மண்டியிட்டார். முகத்துக்கு நேரே இலைச்சுவர் எழுந்தது. கடல் இல்லை, கப்பல் இல்லை. ஓட்டையில் கண்ணை வைத்தார். கப்பல் முழுவதும் தெரிந்தது.

“தம்பி, வரிசையில வாங்க.”

திரும்பினார். சக்கர நாற்காலியில் ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார். மடியில் காபிக் குடுவை. அவருக்குப் பின்னால், தோட்டத்தை அடுத்த முதியோர் இல்லத்தார், அவரவர் சக்கர நாற்காலியில் ஒருவர் பின் ஒருவராகக் காத்திருந்தனர்.

“என் பேத்தி அந்தக் கப்பல்ல போறா,” என்றார் மூதாட்டி. “கிளம்புறப்போ பிள்ளைங்க எல்லாம் பாய்மரத்துக் குறுக்குக் கட்டையில ஏறி நின்னு தொப்பி ஆட்டும். ஒரே ஒரு தடவைதான். கொஞ்சம் நகருங்க.”

“துறைமுகத்துக்கே போயிருக்கலாமே?”

“அந்தக் கல் பாவின தெருவுல இந்த வண்டியைத் தள்ளிப் பாருங்க தெரியும். போன தடவை குலுங்கின குலுக்கல்ல என் பல்செட்டே கழண்டு விழுந்துடுச்சு.”

“கெர்டா, பேசிட்டே இருந்தா கப்பல் ஸ்வீடனுக்கே போயிடும்,” என்றார் பின்னாலிருந்த கிழவர். “நீ பார்த்து முடி. எங்களுக்குக் கொடியைப் பார்த்தாலே போதும்.”

ஹோல்கர் எழுந்து விலகினார். கெர்டா நாற்காலியை முன்னே உருட்டி, ஓட்டையில் முகம் பதித்தார். கீழே கப்பலின் மணி ஒலித்தது.

“ஏறிட்டா. ஓரத்துல நிக்கிறா கழுதை. ஒரு கையாலதான் பிடிச்சிருக்கா.” பிறகு, கப்பலிலிருந்து எவருக்கும் தெரியாத அந்த வேலிக்குப் பின்னாலிருந்து, தம் கையை உயர்த்தி ஆட்டினார்.

டோர்தே இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கழற்றி நீட்டினார்.

ஹோல்கர் அதை வாங்கவில்லை. முழங்காலில் ஒட்டிய சரளையைத் தட்டிவிட்டு, வேலியின் வலப்பாதியை நோக்கினார். அங்கே ஓர் இலைகூடக் குறையவில்லை. முகம் சுளித்தார்.

“இந்தத் தோட்டத்துல இடமும் வலமும் ஒண்ணா இருக்கணும். தெரியுமில்ல?”

“தெரியும்.”

“அப்புறம் என்ன வேலை பார்க்கறீங்க? ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்தப் பக்கமும் மானை மேய விடுங்க.”