மாப்பிள்ளையின் கை

கேசரித் தட்டை நீட்டிய ராமலட்சுமி, என் மகன் அதை வாங்கியதும் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். விரல் இடுக்கெல்லாம் சிவந்து, தோல் உரிந்து, மூட்டுக்கு மூட்டு வெடித்திருந்தது.

"நர்சுன்னுல்ல சொன்னீக மதினி? இது தோட்டத்துல மருந்தடிக்கிற கையால்ல இருக்கு!"

பெண் பார்க்க வந்த வீட்டில், பெண்ணின் அம்மா கேட்கிறாள் இப்படி.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. வண்டன்மேட்டுத் தோட்டத்தில் இருபத்தெட்டு வருசம் ஏலக்காய் எடுத்தவள். கையைப் பார்த்தே ஆளின் வேலையைச் சொல்லிவிடுவாள். பூச்சி மருந்து அடிக்கிறவர்கள் கை இப்படித்தான் வெடித்துக் கிடக்கும். என் வீட்டுக்காரரும் அந்த வேலை பார்த்தவர்தான், அதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் பொய் சொல்லிப் பெண் கேட்க வந்தவர்கள் என்று பேராகிவிட்டால்?

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

கட்டப்பனை ஆஸ்பத்திரியில், குறைமாதக் குழந்தைகள் வார்டில் நர்ஸ் என் அருண்பாண்டி. ஒரு குழந்தையைத் தொட்டுவிட்டு இன்னொன்றைத் தொடுமுன் கை கழுவ வேண்டும், கிளவுஸ் மாற்ற வேண்டும். ஒரு ஷிப்டுக்கு எழுபது எண்பது தடவை. எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளிலேயே முதல் நர்ஸ் அவன்தான். எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். பெற்றவள் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

ராமலட்சுமி சிரித்தாள். சோப்புப் போட்டுக் கழுவினால் கை சுத்தமாகும், எங்கேயாவது வெடிக்குமா என்று அந்தச் சிரிப்பு கேட்டது.

அவள் அண்ணன், நாங்கள் கொடுத்திருந்த ஜாதகத்தை எடுத்து என் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

ஆஸ்பத்திரி அடையாள அட்டை அருண்பாண்டியின் சட்டைப்பையில்தான் இருந்தது. எடுத்துக் காட்டுடா என்று கண்ணைக் காட்டினேன். அட்டையைக் காட்டிப் பெண் கேட்க மாட்டேன் என்று தலையாட்டிவிட்டான். திமிர் பிடித்தவன். என் பிள்ளை அல்லவா.

நான் கிளம்பத் தயாரானேன்.

அப்போது அடுக்களை வாசலில் நின்ற பெண், இந்து, அவள் அம்மாவைப் பார்த்துப் பேசினாள்.

"எம்மா, வந்ததும் வராததுமா எல்லாரும் அக்கா பாப்பாவத் தூக்கிக் கொஞ்சுனாக. இவுக மட்டுந்தான் பின்னாடி குழாய்ல போயி, முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்து தூக்குனாக. நான் பாத்தேன்."

ராமலட்சுமி இன்னும் பிடித்திருந்த என் மகனின் கையை இன்னொரு தடவை பார்த்தாள். இந்த முறை மெதுவாகப் பார்த்தாள்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

நானும் கழுவாத கையால்தான் தூக்கியிருந்தேன். என் மடியில் தூங்கிக்கொண்டிருந்த இந்துவின் அக்காள் குழந்தையை அலுங்காமல் எடுத்து அதன் தாயிடம் கொடுத்தேன். குழாய் எந்தப் பக்கம் என்று கேட்டேன்.