சங்கு ஊதாத மதியம்

திருமுடிவாக்கத்துப் பட்டறைக் கூரையின் ஓட்டைகள் வழியே வெயில் வட்டம் வட்டமாக இறங்கி, ஜெரூஷா அளந்துவைக்கும் வாஷர்கள்மேல் மிதக்கிறது. லேத்துகளின் சீரான முனகல் அவளுக்குத் தாலாட்டு. சாப்பாட்டுச் சங்குதான் உடம்பைக் கிழிக்கும். அந்தச் சத்தம் தாங்காமல் வேலையை விட்டுவிடுவதாக நேற்றுதான் சூப்பர்வைசர் மாணிக்கவேலிடம் சொன்னாள். மணி ஒன்றாகிறது. வழக்கம்போலக் காதுகளைப் பொத்திக்கொள்கிறாள். சங்கு ஊதவில்லை. சுவரில் புதிதாக ஒரு பச்சை பல்பு, தண்ணீருக்குள் எரிவதுபோல எரிகிறது. "இனிமே சங்கு கெடையாது, லைட்டப் பாத்து வாங்க" என்று காலையில் எல்லோருக்கும் சொன்ன மாணிக்கவேலே, பழக்கதோஷத்தில் சங்குக்குக் காத்துக்கொண்டு லேத்தில் குனிந்திருக்கிறார். ஒருவரும் நிமிரவில்லை. ஜெரூஷா காதிலிருந்து கைகளை எடுக்கிறாள். எழுந்து நிற்கிறாள். "அண்ணா, லைட் எரியுது. எல்லாரும் சாப்பிட வாங்க." அவள் குரலுக்கு லேத்துகள் ஒவ்வொன்றாக அடங்குகின்றன.