செய்முறைக்கு ஒரு மகன்

இறந்தவர்களின் கடைசி நினைவு வரை கணினியில் பதித்து வைத்த பேசும் நகல்களில் எந்தப் பாடத்திலும் சேராதவற்றைப் பல்கலைக்கழகம் பருவ முடிவில் அழித்துவிடும். அதனால் பேராசிரியர் மங்கையர்க்கரசி, தான் வடிவமைத்த ‘இணையவழி ஆய்வு முறைகள்’ பாடத்தின் செய்முறைக்குத் தன் மகன் இனியனின் நகலையே வைத்தார்.

“வேணாம் மேடம், அறுபது பேர் பேட்டி எடுப்பாங்க,” என்றார் துறைத்தலைவர்.

“எடுக்கட்டும் சார். இருப்பான்ல.”

விதிகளையும் அவரேதான் எழுதினார். தகவலாளர், அதாவது பேட்டி கொடுப்பவர், சொல்வதைப் பதிவுகளோடு ஒப்பிட வேண்டும். கண்டதை அவரிடமே சொல்லிக் கருத்துக் கேட்க வேண்டும். ஒவ்வொரு பேட்டி முடிந்ததும் நகல் அதை மறந்துவிடும்.

முதலில் யாழிசை என்ற மாணவியின் பேட்டியை மதிப்பிட உட்கார்ந்தார்.

“விபத்துல அடிபட்டுக் கிடந்தப்ப யாரைக் கூப்பிட்டீங்க?”

“அம்மாவை. மூணு தடவ. கிளாஸ்ல இருந்திருப்பாங்க, பாத்திருக்க மாட்டாங்க.”

“பாத்திருக்காங்க. மூணு தடவையும் கட் பண்ணியிருக்காங்க, போன் பதிவுல இருக்கு. என்ன நினைக்கிறீங்க?”

இனியன் திருப்பிக் கேட்டான்.

“காலைல சண்டை போட்டுட்டு வந்தேன். அம்மாவுக்கு இன்னும் கோபம் தீரலையா?”

மாணவி நன்றி சொல்லி முடித்திருந்தாள். முறையில் ஒரு குறையும் இல்லை. மங்கையர்க்கரசி பத்துக்குப் பத்து போட்டுவிட்டு அடுத்த பேட்டியைத் திறந்தார்.

இனியன் உற்சாகமாக வணக்கம் சொன்னான்.