தெளிந்த தண்ணீர்

மட்டாஞ்சேரிக் கால்வாயைச் சீரமைக்கும் வேலையைக் கற்பகம்தான் மாதாமாதம் படமெடுத்தாள். எதிர்க்கரையில் அஜீஷ் அளவுகோலைத் தண்ணீரில் ஊன்றிப் பிடித்துக்கொள்வான். துண்டு துண்டாக எடுத்துச் சேர்த்தால் கால்வாய் முழுதும் ஒரே படமாகிவிடும்.

"கல்யாணத்துக்குச் சம்மதம்னு சொல்லு கற்பகம். இல்லேன்னா இங்கேயே நிப்பேன், கேட்டோ!" என்று அஜீஷ் மலையாளம் கலந்து கத்தினான்.

அவள் சிரித்துக்கொண்டே படத்தைப் பெரிதாக்கினாள். சாக்கடையாய்க் கிடந்த தண்ணீர் இப்போதுதான் நிழல் காட்டத் தொடங்கியிருந்தது. கரையில் அஜீஷ் நின்றான். தண்ணீரில் தெரிந்த பிம்பத்தில் கோலைப் பிடித்திருந்தவன், இதே கால்வாயில் மூழ்கி இறந்துபோன அவள் கணவன் மாரிச்செல்வம்.

"சம்மதம்தான். அந்தக் கோலை விட்டுட்டு மேலே வா!"

"கோல் இல்லாமப் போனா இன்ஜினியர் என்னைக் கொன்னுடுவார்டீ!"

சிரித்தபடி அவன் இரண்டு கைகளாலும் இழுத்தான். கோல் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது.