கேரியர் கயிறு

அது மதுவிலக்குக் காலம். புதிதாக வேலைக்கு வந்த கான்ஸ்டபிள் யாகப்பன், மாட்டுத் தரகன் வேஷத்தில், கள்ளச்சாராயம் காய்ச்சும் கரட்டடி ஊருக்கு சைக்கிளில் வந்திருந்தான்.

"யாருக்கும் தெரியாம வேவு பாத்துட்டு வா" என்று அனுப்பிய ஏட்டய்யா, கேரியரில் ஒரு கயிற்றையும் சுற்றிக் கொடுத்திருந்தார். பிடிபடுகிறவனைக் கட்டத்தான் என்று யாகப்பன் நினைத்துக்கொண்டான்.

"சரக்கு அப்பறம் வாங்கலாம். மொதல்ல வந்து பாருங்க தம்பி" என்று சாராயக்காரி ராஜமேரி முன்னால் நடந்தாள். அரிவாளோடு இரண்டு ஆட்கள் அவனுக்குப் பின்னால் வந்தார்கள்.

"இது ஊறல் பானைங்க. வெல்லமும் வேலம்பட்டையும் போட்டிருக்குது. அந்த அடுப்புல காச்சுவோம். இந்தக் குழாயில சொட்டும்."

யாகப்பன் பின்னால் வந்த அரிவாள்களைத் திரும்பிப் பார்த்தான். இப்படி ஒளிக்காமல் காட்டுகிறவள் உயிரோடு அனுப்புவாளா?

சைக்கிளருகே திரும்பியதும் ராஜமேரி ஆட்களிடம் சொன்னாள்: "அந்தக் கயித்த அவுத்து எடுங்கடா!"

"அக்கா! இப்பத்தாங்க எனக்குக் கல்யாணம் ஆச்சு..." யாகப்பன் கைகூப்பிவிட்டான்.

ஆட்கள் புதரிலிருந்து ஒரு தகர டின்னைத் தூக்கிவந்து, கேரியரில் வைத்து இறுக்கிக் கட்டினார்கள்.

"பயப்படாம ஓட்டுங்க, சிந்தாது. புதுசா வர்ற போலீசுக்கெல்லாம் நாந்தான் சுத்திக் காட்டறது" என்றாள் ராஜமேரி. "கயிறு குடுத்தனுப்புன ஏட்டய்யா, எதுக்குன்னு சொல்லலீங்களா?"