நாற்றப் பூவும் இனிப்பு நெற்றும்

கொல்லைத் தோட்டத்தில் இரண்டு கரோப் மரங்கள் நின்றன. பெண் மரம் வெல்லமாய் இனிக்கும் நெற்றுகளைக் காய்த்தது. ஆண் மரம் பூக்க மட்டுமே செய்யும், அந்தப் பூவின் நாற்றமும் குடலைப் புரட்டும்.

"கர்மம்! ஒரு காய் காய்க்கத் துப்பில்லை, பூவுக்கு மட்டும் குறைச்சலில்லை. இந்த நாற்றத்தோடு குடித்தனம் பண்ணுகிறேனே, என்னைச் சொல்லணும்!" என்று பெண் மரம் விடிந்ததிலிருந்து கத்தும். ஆண் மரம் தன் பாட்டுக்குப் பூத்துக்கொண்டிருக்கும்.

கொட்டகையில் தொங்கிய ரம்பம் ஒருநாள் பல்லை இளித்துக்கொண்டு வந்தது. "அக்கா, தினம் உங்கள் கஷ்டத்தைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லுங்கள், அறுத்துத் தள்ளிவிடுகிறேன். காய்க்காத மரம்தானே?"

பெண் மரம் தன் கிளையில் தொங்கிய நெற்றுகளைப் பார்த்தது. அந்த நாற்றப் பூவின் மகரந்தம் இல்லாமல் அது ஒரு நெற்றாவது காய்த்திருக்குமா?

"காய்க்காத மரமா? என் கிளையில் தொங்குகிற நெற்றுக்கெல்லாம் அப்பன் யாருடா, நீயா?" என்று சீறியது. "என் வீட்டுக்காரரை நான் திட்டுவேன். நடுவில் நீ யார்? போய் ஆணியில் தொங்கு!"

ரம்பம் ஓடியே போய்விட்டது. ஆண் மரம் சந்தோஷத்தில் இன்னும் நாலு கொத்துப் பூத்துத் தள்ளியது.

"ஐயோ, மூக்கே போச்சு! இந்தப் பக்கம் ஆடாதேய்யா!" என்றது பெண் மரம், தன் கிளையை அந்தப் பக்கமே நீட்டிக்கொண்டு.